செண்பகத்தோப்பு ரோட்டுக்கு ஹப் மோட்டார்

"எங்க போவீங்க, எந்த வழியாப் போவீங்க? அதச் சொன்னாத்தான் மோட்டார் மாட்டுவேன்."

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் அம்மா சொல்லியிருந்தாள். கடையில் பொன்னுராஜ் அண்ணாச்சி சொல்லியிருந்தார். கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். அதிலும் புது வண்டி வாங்க வந்தவனைக் கேட்டால், அந்த வண்டி போகிற இடத்துக்கே போய்ச் சேராதாம்.

கேட்டது அழகுராஜாவிடம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளை எங்கள் கடையில் விட்டுவிட்டுப் படி இறங்கப் போனவர், ஒரு கால் படியிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, கால வெளிய எடுத்து வைக்கேன், எங்க போறன்னு கேக்க? ஒனக்கு வீட்டுல ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க சார். அதக் கேட்டு நடந்துதான் இப்ப ஒரு பொம்பள கால் ஒடிஞ்சு கெடக்கா."

அவர் திரும்பப் படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாதி குடித்தார். அதுதான் பரிகாரம்: உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புதிதாகக் கிளம்புவதுபோல மறுபடி எழுந்திருக்க வேண்டும். கார்கிலில் நின்றதாகச் சொல்லிக்கொள்கிற மனுசன், என்னுடைய ஒரு கேள்விக்கு அரை டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"பொன்னுராஜு, ஒன் இஞ்சினியருக்கு வாய் நீளம்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு, கோபம் ஆறாமலே, "ஐயனார் கோயில் ரோட்டுல தோப்பு. ஊர தாண்டி மூணாவது கிலோமீட்டர். சமதரைதான், போதுமா?" என்றார்.

"போதும் சார். உங்களுக்கு ஹப் மோட்டாரே போதும்."

"இன்னைக்கு ஒண்ணும் மாட்ட வேண்டாம். சகுனம் சரியில்ல. நாளைக்கு வாரேன்."

சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போனார். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நின்றால் பிறகு நிறையச் சொல்வார் என்று அர்த்தம். நான் குனிந்து என் வேலையைப் பார்த்தேன். என் கையில் கிரீஸ். என் முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்தது முத்துப்பேச்சியின் சைக்கிள்.

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மாரீஸ்வரி. சோழபுரம். எங்கள் வீட்டில், அப்பா வழியில், அம்மா வழியில், இரண்டு பக்கமும் தேடினாலும் முதல் டிகிரி நான்தான். பி.இ. மெக்கானிக்கல். அப்பா மில்லில் பஞ்சு மூட்டை இறக்குகிறவர். கான்வெகேசன் போட்டோவை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததால் அது வியர்வையில் ஊறி என் முகம் பச்சையாகிவிட்டது. ஏழு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு என்று சிரித்தார்கள். சிரிக்காமல் வேலை கொடுத்தவர் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் பொன்னுராஜ் அண்ணாச்சி ஒருத்தர்தான். சாதாரண சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் மாட்டிக் கொடுக்கிற கடை. ஒரு மாதத்திலேயே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கெட்டவராக்கிவிட்டு நான் நல்லவளாக முடியாது.

மோட்டாரில் இரண்டு வகை. ஹப் மோட்டார் சக்கரத்தின் நடுவில் உட்காரும். சக்கரத்தை நேராகச் சுற்றும். மிட் டிரைவ் பெடலுக்கு நடுவில் உட்காரும். நம் கால் செய்கிற வேலையைச் செய்யும், செயினை இழுக்கும். சமதரைக்கு ஹப் போதும். விலை குறைவு, தொந்தரவு இல்லை, செயின் அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். ஆனால் நீளமான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது ஹப்பும் மெதுவாகத்தான் சுற்ற முடியும். சுற்ற முடியாத மோட்டார் வாங்குகிற கரண்ட்டையெல்லாம் சூடாக்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மிட் டிரைவ் அப்படியில்லை. முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டுவிட்டால், சைக்கிள் ஊர்ந்தாலும் மோட்டார் தன் வேகத்தில் ஓடும். வேகம் போய்விடும். செயின் சீக்கிரம் தேயும். ஆனால் ஏறும்.

ஆக, ஆளைப் பார்த்துச் சொல்கிற விசயமில்லை இது. ரோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் ஒரு படிவம் உண்டு. ஓட்டுகிறவர் எடை, ஏற்றுகிற எடை, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர். அவ்வளவுதான். எந்த ரோடு என்று கேட்க அதில் இடம் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் வாயால் கேட்டேன். மீன் வியாபாரி ஒருத்தர், கேட்ட நிமிசமே எழுந்து அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அண்ணாச்சி சொன்னார்:

"பிள்ள, கிலோமீட்டர் கேளு. அது நம்பரு. நம்பருக்குச் சகுனம் கெடையாது. எங்கன்னு மட்டும் கேக்காத."

"ரோடு தெரியாம எப்படி அண்ணாச்சி மோட்டார் சொல்றது?"

"யாவாரி எவனாவது தான் போற வழிய அடுத்தவங்கிட்டச் சொல்வானா? நாளைக்கே இன்னொருத்தன் அந்த வழியில போயி நிப்பான். சகுனமும் ஆச்சு, யாவாரமும் ஆச்சு. வாயப் பொத்திக்கிட்டு மாட்டு."

"நீங்க ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறீய. உங்களுக்குமா சகுனம்?"

"சர்ச்சுக்குக் கெளம்பும்போது எவனாவது எங்க போறன்னு கேட்டாக்கூட நான் உக்காந்துட்டுத்தான் போவேன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். சிரித்ததோடு கேள்வியை விட்டேன். பதினோரு மாதத்தில் எத்தனை சைக்கிளுக்கு ரோடு தெரியாமல் மோட்டார் மாட்டினேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

முத்துப்பேச்சி வந்தது சித்திரையில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். சைக்கிள் மினி லாரியில் வந்தது. அவளுடைய மகள் சிவரஞ்சனிக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். மகள் காலேஜ் போய்விட்டாள், சைக்கிள் அம்மாவுக்கு வந்துவிட்டது. பின்னால் இரும்பில் பெரிய கேரியர் பற்ற வைத்திருந்தாள்.

"ஏத்தா, ரெண்டு வகை இருக்காமே. பெடல்கிட்ட மாட்டுறது நல்லதா, சக்கரத்துல மாட்டுறது நல்லதா? நீ படிச்ச பிள்ள. நீ சொல்லு."

எனக்கு அந்த 'படிச்ச பிள்ள' பிடிக்காது. தெருவில் போகிறவர்கள் மருந்துச் சீட்டை நீட்டும்போதும் அதைத்தான் சொல்கிறார்கள், மாப்பிள்ளை பார்க்கும்போது வேண்டாம் என்பதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"ஒரு நாளைக்கு எம்புட்டு தூரம் ஓட்டுவீங்கக்கா?"

"போக வரப் பதினெட்டு வரும்."

"என்ன ஏத்துவீங்க?"

"சாப்பாடு. நாப்பது பேருக்கு. சோத்துப் பானை, குழம்புத் தூக்கு, எல்லாம் சேத்து அம்பது கிலோ இருக்கும்."

அவளைத் தராசில் ஏற்றினேன். ஐம்பத்தெட்டு. மொத்தம் நூற்றி எட்டு. ஹப் நூற்று இருபது வரை தாங்கும் என்று கம்பெனி போட்டிருக்கிறது. கணக்குச் சரி.

அப்போது அவள் வாசலில் நின்ற என் சைக்கிளைப் பார்த்தாள். காலேஜில் கடைசி வருசம் ப்ராஜக்டுக்காக வாங்கிய மிட் டிரைவை நான் என் சைக்கிளில் மாட்டியிருந்தேன். சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வரைக்கும் அதில்தான் வருவேன்.

"ஒன் சைக்கிள்ல பெடல்கிட்டதான இருக்கு? அதே மாதிரி எனக்கும் மாட்டிக் குடேன்."

"உங்களுக்கு அதெல்லாம் தேவையில்லக்கா" என்றேன்.

இந்த வார்த்தையை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ரேசன் கடையில், தாலுகா ஆபீசில், எங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் கட்டைகளைப் பார்த்தேன். நான்கும் இரும்பு தெரியத் தேய்ந்திருந்தன. டயர் புதுசு. டயர் தேயாமல் பிரேக் கட்டை தேய்கிறது என்றால், அந்த சைக்கிள் தினமும் நீளமான இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருகிறது. தினமும் இறங்குகிற சைக்கிள் தினமும் ஏறியும் ஆக வேண்டும். இதற்கு இஞ்சினியரிங் வேண்டாம், கண் இருந்தால் போதும். என் கண்ணில் பட்டது. கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். முத்துப்பேச்சி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையைத் தோளில் மாட்டிவிட்டாள். கிளம்புகிற ஆள்.

நான்கு பிரேக் கட்டையையும் புதுசாக மாற்றினேன். சக்கரத்தில் ஹப்பைப் பூட்டினேன். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மாதம் ஓடியது. ஆடி பிறந்து ஒரு வாரத்தில் அந்தச் சைக்கிள் மறுபடி மினி லாரியில் வந்து இறங்கியது. கேரியர் ஒரு பக்கம் வளைந்திருந்தது. ஏற்றத்தில் போகும்போது மோட்டார் கரகரவென்று கத்திவிட்டு நின்றதாம். பின்பாரம் சைக்கிளைக் கீழே இழுத்ததாம். காலை ஊன்றப் போனவள் கணுக்காலில் சோற்றுப் பானை விழுந்து எலும்பு முறிந்துவிட்டதாம். லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ஹப்பைத் திறந்தேன். உள்ளே மூன்று நைலான் பல்சக்கரங்கள் இருக்க வேண்டும். இருந்தன. பல்தான் இல்லை. வெயிலில் வைத்த சோப்புபோல மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, கருகிய வாடை அடித்தது. ஒரே நாளில் நடந்ததில்லை. மூன்று மாதம் தினமும் வெந்து வெந்து அன்றைக்கு உயிரை விட்டிருக்கிறது.

மாற்று மோட்டார் கொடுக்க வேண்டுமென்றால் கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். பழுதுக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.

"ஓவர்லோடுன்னு போடு" என்றார் அண்ணாச்சி.

"நூத்தி எட்டுதான் அண்ணாச்சி வருது."

"அவ வீட்டுல போயி நீ தராசு புடிச்சியா? நாப்பது பேருக்கு அம்பது கிலோ எப்படிப் போதும்? நீயே சொல்லு. நாம தப்பான மோட்டார் மாட்டுனோம்னு எழுதுனா, கம்பெனிக்காரன் நம்ம டீலர்ஷிப்ப எடுத்துருவான். போடு."

போட்டேன். 'ஓவர்லோடு. வாடிக்கையாளர் தவறு.' கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே, கம்பெனி கேட்காமலே, மாரீஸ்வரி, பி.இ. நான்கு வருசம் அப்பா முதுகில் பஞ்சு மூட்டை ஏற்றி வாங்கிக் கொடுத்த எழுத்துகள் அவை. கம்பெனி இரண்டே நாளில் பதில் போட்டது: மாற்றித் தர இயலாது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதினால் அது பொய். சாப்பிட்டேன். தூங்கினேன். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

மடவார்வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஒன்பது மணி. முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, அங்கிருந்தபடியே உப்பும் புளியும் சொல்லிக்கொண்டிருந்தாள். சமைத்தது சிவரஞ்சனி. பத்தொன்பது வயசு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, இரண்டாம் வருசம்.

என்னைப் பார்த்ததும் முத்துப்பேச்சி எழுந்திருக்கப் போனாள்.

"வாத்தா, வா. ஏ, சிவா, சேர எடுத்துப் போடு. அந்த மோட்டார் கடைப் பிள்ள வந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான்தான் கொஞ்சம் கூட ஏத்திட்டேன் போலத்தா. கம்பெனியில அப்படித்தான் எழுதியிருக்காகளாம். ஒங்க ஓனரு ஒன்னய ஏசுனாரா? எம்புட்டு ஏத்தலாம்னு நீ அன்னைக்கே சொல்லியிருப்ப, எனக்குத்தான் புத்தியில நிக்கல" என்றாள்.

நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவள் எதையும் மீறவில்லை. என் பொய்யை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். "பரவாயில்லக்கா" என்றேன். என்ன சொல் அது. காலை ஒடித்தவள் ஒடிந்தவளைப் பார்த்துச் சொல்கிற பரவாயில்லை.

சிவரஞ்சனி பானையை இறக்கி, பக்கத்து வீட்டு சைக்கிளில் கட்டினாள். மலையடிவாரத் தோப்பில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் சாப்பாடு போகிறது. தோப்பு வேலைக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. நானும் வருகிறேன் என்றேன். அவள் ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"தள்ளணும். வெயிலு. உங்களுக்குப் பழக்கம் இருக்கா?"

"இருக்கு" என்றேன். இல்லை.

செண்பகத்தோப்பு ரோட்டில் ஊர் தாண்டி ஏழு கிலோமீட்டர் அவள் மிதித்தாள். நான் அந்தப் பக்கம் போன ஒரு மாம்பழ ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போய் தார் முடிகிற இடத்தில் காத்திருந்தேன். அங்கிருந்து மண்ணும் கல்லுமாக இரண்டு கிலோமீட்டர். எதிரே மலை நிற்கிறது. ரோடு அதைப் பார்த்தே போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏற்றம் என்றே தெரியாது. சைக்கிளில் கை வைத்தபிறகுதான் தெரிகிறது. நூறு அடிக்கு ஒரு தரம் சிவரஞ்சனி பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினாள். நான் பின்னாலிருந்து கேரியரைத் தள்ளினேன். குழம்புத் தூக்கின் சூடு வயிற்றில் அடித்தது. ஓரிடத்தில் கல் நழுவி சைக்கிள் பின்னால் வந்தது. என் நெஞ்சு அதைத் தாங்கியது.

"இங்கதான் அம்மா விழுந்தா" என்றாள் சிவரஞ்சனி, மூச்சு வாங்கிக்கொண்டே. அடையாளம் ஒன்றும் இல்லை. வெறும் கல்.

"காலேஜு?"

"மூணு வாரமாப் போகல. அட்டெண்டன்ஸ் போச்சு. இந்த செமஸ்டர் எழுத விட மாட்டாக. சாப்பாட்ட விட்டா தோப்புக்காரர் வேற ஆளு பாத்துருவாரு. அம்மா இந்த வருசம் போகட்டும், அடுத்த வருசம் சேந்துக்கலாம்னு சொல்லுதா." சைக்கிளைத் தள்ளியபடியே சொன்னாள். "எங்க தெருவுல அடுத்த வருசம் சேந்துக்கலாம்னு நின்ன ஒருத்திகூடத் திரும்பப் போனதில்ல."

எங்கள் தெருவிலும் இல்லை. என்னோடு பத்தாம் வகுப்பு படித்த நான்கு பேர் அப்படி நின்றார்கள்.

இன்னொரு நூறு அடி தள்ளினோம். பிறகு அவள்தான் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், கோவிக்கக் கூடாது. மோட்டார் மாட்டும்போது அம்மாகிட்ட எந்த ரோட்டுல போவன்னு நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கெளம்புற ஆளக் கேக்கக் கூடாதுன்னு..."

சிவரஞ்சனி சைக்கிளை நிறுத்தினாள். கல்லை உதைத்துச் சக்கரத்துக்குக் கீழே தள்ளினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"பி.இ. படிச்சிருக்கீயள்ல?"

"ஆமா."

"இது எங்க அம்மா சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிடுவேன்" என்றாள். கல்லை விலக்கிவிட்டு சைக்கிளை முன்னால் தள்ளினாள்.

தோப்பில் நாற்பது பேர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டில் போட்டு நீட்டினாள். சுண்டைக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து முத்துப்பேச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. தூங்குகிறவளைப் பார்த்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, நிம்மதி. அந்த நிம்மதிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதினேன். முதல் ரிப்போர்ட் தவறு. மொத்த எடை நூற்றி எட்டு, அனுமதிக்குள்தான் இருந்தது. ஓடும் பாதையில் இரண்டு கிலோமீட்டர் தொடர் ஏற்றம். பாதையைக் கேட்காமல் ஹப் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தது நான். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்ததைப் பார்த்தும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் தவறு எதுவும் இல்லை. கம்பெனிக்கு அனுப்பினேன். அனுப்பியபோது பஸ் இன்னும் ராஜபாளையத்துக்குள் நுழையவில்லை.

வீட்டுக்குப் போய் என் சைக்கிளிலிருந்து மிட் டிரைவைக் கழற்றினேன். சமதரை ரோட்டில், டிபன் பாக்ஸைத் தவிர எதுவும் ஏற்றாத எனக்கு அது எதற்கு? அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். "பழுதா ஆத்தா?" என்றார். "இல்லப்பா, நான்தான் பழுது" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இன்று காலை ஏழு மணிக்குப் பஸ்ஸில் வந்து கடையைத் திறந்தேன். முத்துப்பேச்சியின் பழைய பின் சக்கரம் பரணில் இருந்தது. இறக்கிக் கோட்டம் எடுத்தேன். பெரிய பல்சக்கரம் போட்டேன். பெடல் அச்சைக் கழற்றி அந்த இடத்தில் மிட் டிரைவை நுழைத்தேன். வளைந்த கேரியரைத் தட்டி நிமிர்த்தினேன். அண்ணாச்சி வரும்போது பாதி முடிந்திருந்தது. என்னவென்று கேட்காமல் டீ குடிக்கப் போனார். அழகுராஜா வந்தபோது செயினை மட்டும் மாட்ட வேண்டியிருந்தது.

அழகுராஜா போனபிறகு அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"இது அந்த வில்லிபுத்தூர்க்காரி சைக்கிள்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"அது ஒன் மோட்டாருல்ல?"

"ஆமா."

கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். "மனசு கேக்கலன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல பிள்ள? எனக்கும் கேக்கலதான். உள்ள ஒரு புது ஹப்பு கெடக்கு. அத மாட்டிக் குடு. என் கைப்பொறுப்பு. யாருக்கும் சொல்ல வேண்டாம். நீ ஒன் மோட்டாரக் கழத்திக்கோ."

அவர் மனசாரத்தான் சொன்னார். நேற்றைக்கு முந்தினநாள் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலைத் தொட்டிருப்பேன். புது ஹப்பை மாட்டிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பேன்.

"அது ஐப்பசி வரைக்கும் ஓடும் அண்ணாச்சி. பொறவு அதுவும் வேகும். நான் அந்த ரோட்டத் தள்ளிப் பாத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப பளுவக் கொறைக்கச் சொல்லு."

"நாப்பது பேர்ல யாரு பட்டினி கெடக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"வாய் பேசாத, மாரி."

"கம்பெனிக்கு வேற ரிப்போர்ட் அனுப்பிட்டேன்."

அவர் கை தாடையிலேயே நின்றது. போனை எடுத்து நீட்டினேன். படித்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். நான் செயினைக் கோர்த்து, பெடலைக் கையால் சுற்றி, சத்தம் கேட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது.

"எனக்குத் தெரியாம, என் கடை பேர்லயா?"

"என் பேர்ல. தேர்ந்தெடுத்தது நான்னுதான் போட்டிருக்கேன். உங்க பேரு அதுல இல்ல."

"இல்லாட்டா என்னட்டி? கடைக்காரன் யாருன்னு அவனுக்குத் தெரியாதா? நாளைக்கு டீலர்ஷிப் போச்சுன்னா? பதினோரு வருசம்டி. ஒன்னய எவன் கடைக்குள்ள விட்டான்? நான் விட்டேன். சாவியக் குடுத்தேன். அதுக்கு இதுவா?"

டீலர்ஷிப் போகலாம். போனால் அதற்கும் நான்தான் காரணம். ஒருத்திக்குச் செய்த அநியாயத்தைச் சரிசெய்யப் போய் இன்னொருத்தருக்குச் செய்திருக்கிறேன். இதைக் குறைவாகச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

"தப்புதான் அண்ணாச்சி" என்றேன். "உங்ககிட்டக் கேட்டுட்டு அனுப்பியிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீய, நானும் சரின்னு சொல்லியிருப்பேன். எனக்கு என்னயத் தெரியும். அதான் கேக்கல."

"ஓவர்லோடுதான்னு இன்னொரு மெயில் போடு. கொழப்பத்துல எழுதிட்டேன்னு சொல்லு. அந்தப் பொம்பளைக்கு இந்த மோட்டாரே இருக்கட்டும், நான் வாயே தெறக்க மாட்டேன். ஒனக்கும் வேல இருக்கும், எனக்கும் கட இருக்கும். யாருக்கு நட்டம்?"

சரியாகத்தான் கேட்டார். சைக்கிள் ஏறும். சிவரஞ்சனி காலேஜுக்குப் போகலாம். ஆனால் முத்துப்பேச்சி சாகும்வரை, தன் பேராசையில் தானே காலை ஒடித்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள். யாராவது மோட்டாரைப் பற்றிக் கேட்டால், அந்தப் பிள்ளை சொன்னதை நான் மீறிவிட்டேன் என்று என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வாள்.

"போட மாட்டேன் அண்ணாச்சி."

சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினேன். கையைக் கழுவினேன். சுவரில் என் பேர் எழுதியிருந்த ஸ்பேனர் செட்டை எடுத்துப் பையில் போட்டேன். அது காலேஜில் வாங்கியது. சாவியை மேசையில் வைத்தேன். அண்ணாச்சி சாவியைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"இப்ப என்ன, அவ கால்ல விழப் போறியா?"

"விழ மாட்டேன். நடந்ததச் சொல்லப் போறேன். பிரேக் கட்டையப் பாத்தேன்னும் சொல்வேன்."

"அவ ஒன்னயச் செருப்பால அடிப்பா."

"அடிக்கட்டும்."

அடித்தால்கூடத் தேவலை. 'பரவாயில்லத்தா' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்குப் பயம்.

"ஏட்டி மாரி, செத்த நில்லு. வெயிலு தாழட்டும்" என்றார். திட்டுகிற குரலில்லை. அதனாலேயே நான் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ரோட்டுக்கு வந்தேன்.